வித்தியாசம் நிஜம், விடை தப்பு

பால் மெக்கார்ட்னி 1966ஆம் வருஷம் நவம்பர் 9ஆம் தேதி விடிகாலையில் கார் விபத்தில் செத்துப் போனார். கூட இருந்த மூன்று பேரும் சாவை மறைத்துவிட்டு, அவரை மாதிரியே முகஜாடை உள்ளவர் யார் என்று நடந்த போட்டியில் ஜெயித்த வில்லியம் கேம்பல் என்பவரைக் கொண்டுவந்து நிறுத்தி ஒப்பேற்றிவிட்டார்கள்.

பதற வேண்டாம். இதை நான் சொல்லவில்லை. 1969 அக்டோபரில் அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் பையன்கள் தூக்கம் கெட்டுப் பேசிய கதை இது. பீட்டில்ஸ் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லிவர்பூல் நகரத்து நாலு பையன்கள்: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். அறுபதுகளில் உலகத்தையே ஆட்டிவைத்த கோஷ்டி. 1968இல் ரிஷிகேஷுக்கு வந்து மகேஷ் யோகியிடம் தியானம் கற்றுக்கொண்டு போனார்களே, அவர்களேதான்.

பி.காம். படித்துவிட்டு வவுச்சரில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். வங்கிக்காரன் தினமும் கேட்கிற கேள்வி இரண்டே இரண்டுதான். இந்த ஆள் இருக்கிறாரா? இவர்தான் அவரா? அதே இரண்டு கேள்விகளையும் ஒரு பாட்டுக்காரரைப் பார்த்து ஊர் உலகமே கேட்டது என்றால் எனக்கு ஆர்வம் வராமல் எப்படி இருக்கும்?

முதலில் கதை எப்படி முளைத்தது என்று பார்ப்போம்.

1967 ஆரம்பத்திலேயே லண்டனில் இப்படி ஒரு பேச்சு கிளம்பி, பீட்டில்ஸ் ரசிகர் பத்திரிகை அதை மறுத்து எழுதி, அதோடு அடங்கிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் மறுபடி தலைதூக்கியது. 1969 செப்டம்பரில் அயோவா மாநிலத்து டிரேக் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அக்டோபர் 12ஆம் தேதி டெட்ராய்ட் நகரத்து ரேடியோ நிலையத்துக்கு ஒருவர் போன் செய்து, ‘ரெவல்யூஷன் 9’ என்ற பாட்டைப் பின்பக்கமாகச் சுற்றிக் கேளுங்கள், சாவுச் செய்தி வரும் என்றார். அறிவிப்பாளர் ரஸ் கிப் சுற்றினார். கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ கேட்டது. (நம் வீட்டு மிக்ஸி சத்தத்தில்கூட பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி கேட்கும், உற்றுக் கேட்டால்!)

இரண்டே நாளில், அக்டோபர் 14 அன்று, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான ‘மிச்சிகன் டெய்லி’யில் ஃபிரெட் லபூர் என்ற மாணவர் ஒரு விமர்சனம் எழுதினார். அப்போதுதான் வெளிவந்திருந்த ‘அபே ரோடு’ இசைத்தட்டைப் பற்றி எழுத வேண்டியவர், பால் இறந்ததற்கு ஆதாரங்கள் என்று ஒரு நீளப் பட்டியல் போட்டுவிட்டார். வேடிக்கையாகத்தான் செய்தார். வில்லியம் கேம்பல் என்ற பெயரே அவர் கற்பனை. அது நாடு முழுக்கப் பரவியது.

‘அபே ரோடு’ அட்டைப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு பேரும் வரிசையாகச் சாலையைக் கடக்கிறார்கள். முன்னால் வெள்ளை உடையில் லெனன், அவர் பாதிரியார். கறுப்பு உடையில் ரிங்கோ, அவர் பிணத்தை எடுத்துப்போகிறவர். ஜீன்ஸ் போட்ட ஹாரிசன் குழி வெட்டுகிறவர். பால் மட்டும் வெறுங்காலோடு நடக்கிறார், கண்ணும் மூடியிருக்கிறது. ஆகவே அவர்தான் பிணம்! பின்னால் நிற்கிற ஃபோக்ஸ்வேகன் காரின் நம்பர் பலகையில் ‘28ஐஎஃப்’. ‘இஃப்’ என்றால் ஆங்கிலத்தில் ‘இருந்தால்’. உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 28 வயது என்று அர்த்தமாம்.

பிறந்தது 1942 ஜூன் 18. இசைத்தட்டு வந்தது 1969 செப்டம்பர். கணக்குப் போட்டால் 27தான் வருகிறது. நம்புகிறவர்கள் அதற்கும் அசரவில்லை. கிழக்கத்திய மரபில் தாய் வயிற்றில் இருந்த காலத்தையும் சேர்ப்பார்கள் என்று சமாளித்தார்கள். நம்மூர் ஜோசியரைக் கேட்டிருந்தால் அவ்வளவு சிரமமே இல்லை. 27 முடிந்து 28 நடப்பு, அவ்வளவுதான் சார் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

வெறுங்கால் விஷயம்? படம் எடுத்தது ஆகஸ்ட் 8. நல்ல வெயில். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அதே நாளில் எடுத்த வேறு படங்களில் காலில் செருப்பு இருக்கிறது. அந்த நவம்பரில் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் பிரபல வக்கீல் எஃப். லீ பெய்லியை வைத்து ஒரு பொய்க் கோர்ட்டே நடத்தினார்கள். சாட்சியாகக் கூப்பிடப்பட்ட லபூர், எல்லாம் நானே கட்டியது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆனாலும் நிகழ்ச்சி நடக்காமல் இல்லை.

இதோடு விட்டால் இது அசட்டு வெள்ளைக்காரப் பையன்களின் கதை. எனக்கு அதற்கு மேல் ஒன்று தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

டிரையல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார். மிச்சமில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் 54ஐ 45 என்று எழுதியிருப்பாய். கம்ப்யூட்டர் வராத காலத்துப் பழைய அதிகாரிகள் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஒன்று உண்டு. அவசரக்காரன் யார் மேலாவது சந்தேகப்பட்டு விடையைச் சொல்லிவிடுவான். அவன் விடை தப்பாக இருக்கும். அதற்காக வித்தியாசமே இல்லை என்று ஆகிவிடாது.

1969இல் வித்தியாசம் நிஜமாகவே இருந்தது. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டுக்குப் பிறகு கச்சேரிச் சுற்றுப்பயணமே போகவில்லை. பால் அந்த இலையுதிர்காலத்தில் யார் கண்ணிலும் படாமல் ஸ்காட்லாந்தில் தன் பண்ணையில், ஆகஸ்டில் பிறந்த மகளோடும் மனைவியோடும் இருந்தார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. செப்டம்பர் 20ஆம் தேதியே லெனன், நான் குழுவை விட்டு விலகுகிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லியாகிவிட்டது. இசைத்தட்டு கம்பெனியோடு ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் வெளியே மூச்சு விடவில்லை.

ஜனங்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஏதோ செத்துவிட்டது, மறைக்கிறார்கள் என்று சரியாகத்தான் மோப்பம் பிடித்தார்கள். ஆளையும் சாவையும் மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். 54க்குப் பதில் 45.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், விடையும் அச்சில் வந்தது. ‘லைஃப்’ பத்திரிகைக்காரர்கள் பண்ணைக்கே தேடிக்கொண்டு போனார்கள். முதலில் வாளித் தண்ணீரை வீசி விரட்டியவர், பிறகு மனம் மாறிப் படமும் பேட்டியும் கொடுத்தார். 1969 நவம்பர் 7 தேதியிட்ட இதழின் அட்டையில் மனைவி மக்களோடு பால் நிற்கிறார், இன்னும் நம்மோடுதான் இருக்கிறார் என்ற தலைப்போடு. அந்தப் பேட்டியிலேயே பீட்டில்ஸ் என்கிற விஷயம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை! இசைத்தட்டைத் தலைகீழாகச் சுற்றிச் செய்தி தேடியவர்கள், நேராக அச்சடித்த வரியைப் படிக்கவில்லை. உலகத்துக்கு அது தெரிந்தது 1970 ஏப்ரலில்தான்.

1993இல் பாலே ‘பால் இஸ் லைவ்’ என்று ஓர் ஆல்பம் போட்டு, அட்டையில் அதே சாலையில் நடந்து, கார் நம்பரையும் ‘51 இஸ்’ என்று மாற்றிக் கிண்டலடித்தார். 2022இல் 80 வயதிலும் கிளாஸ்டன்பரி மேடையில் பாடினார். அதற்கும், அது கேம்பல்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, அது அக்கரைக் கதை. நம் கதைக்கு வருவோம். நான் இப்போது குப்பை கொட்டுவது பீர்மேட்டில். (சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். சமவெளியில் வளர்ந்தவனுக்கு இந்த மஞ்சு இன்னும் பழகவில்லை.) பீர் முகம்மது என்ற ஞானி தங்கியிருந்த மேடு என்பதால் பீர்மேடு என்று இங்கே சொல்கிறார்கள். அவர் அடக்கமானது தக்கலையில், பெயர் மட்டும் இந்த மலையில் இருக்கிறது. இங்கிருந்து வண்டிப்பெரியாறு, குமுளி வழியாக மலை இறங்கினால் கூடலூர், கம்பம், தேனி, அப்புறம் ஆண்டிபட்டி. இங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்க்கிற தமிழர்களில் நிறைய பேருக்குச் சொந்தபந்தம் அந்தப் பக்கம்தான். ‘இருக்கிறாரா, இல்லையா’ என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டே பதில் சொன்ன தொகுதி அந்த ஆண்டிபட்டி.

1984 அக்டோபர் 5ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகக் கோளாறு. அதோடு பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. நவம்பர் 5ஆம் தேதி தனி விமானத்தில் அமெரிக்காவுக்கு, புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் அக்டோபர் 31 இந்திரா காந்தி கொலை. டிசம்பர் 24 தேர்தல். நாயகனோ கடலுக்கு அப்பால்.

வதந்தி வராமல் இருக்குமா? ஆள் போய்விட்டார், தேர்தலுக்காக மறைக்கிறார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. நான் அப்போது கைக்குழந்தை. இங்கே தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரிச் சொல்கிறார்கள். எம்.ஜி.ஆர். புரூக்ளினிலிருந்தே ஆண்டிபட்டி வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டார். மருத்துவமனையில் அவர் இருக்கிற காட்சிகளைப் படமெடுத்துக் கொண்டுவந்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். தொகுதியில் கால் வைக்காமலே ஜெயித்தார். அண்ணா தி.மு.க. 132 இடங்களைப் பிடித்தது. 1985 பிப்ரவரி 4 திரும்பி வந்தார், 10ஆம் தேதி மூன்றாம் முறையாகப் பதவி ஏற்றார்.

வதந்தி பொய்த்தது. ஆனால் வித்தியாசம்? பாதிக்கப்பட்டது அவர் பேச்சு. 1967 ஜனவரி 12இல் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு தொண்டையில் பாய்ந்தபோதே குரல் மாறிவிட்டது. அப்போதும் கழுத்துக் கட்டோடு இருந்த படத்தைப் போஸ்டராக ஒட்டி, பரங்கிமலையில் ஆஸ்பத்திரியிலிருந்தே ஜெயித்தவர்தான். 1984 பக்கவாதம் மிச்சப் பேச்சையும் வாங்கிக்கொண்டது. ஜனங்கள் பயந்தது உயிருக்கு. போனது குரல். இத்தனைக்கும் சினிமாவில் பெரும்பாலும் அவருக்காகப் பாடிய குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஓர் உடம்பில் இன்னொருவர் குரலைக் கேட்டு அதை ஒரே ஆளாக நேசிக்கத் தெரிந்த ஜனங்கள் நாம். பிறகு அவர் பேச்சு எப்படிக் குழறினாலும், ஆள் அவர்தானா என்று யாரும் கேட்கவில்லை. நேரில் வந்து கையைத் தூக்கிக் காட்டினார். அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்று. வாக்குப்பதிவு 1984 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். காலமானது 1987 டிசம்பர் 24. லபூர் மாதிரி ஓர் ஆள் கையில் இது கிடைத்திருந்தால் தனிப் புத்தகமே போட்டிருப்பார்! தேதி ஒன்றாக இருப்பது தேதி ஒன்றாக இருப்பது மட்டும்தான்.

அதே ஆண்டிபட்டியில் பிற்பாடு 2002, 2006இல் ஜெயித்தவர் ஜெயலலிதா. 2016 செப்டம்பர் 22 அவரும் அப்போலோவில் சேர்ந்தார். 75 நாள். டிசம்பர் 5 காலமானார். அத்தனை நாளும் அறிக்கை வந்தது, ஒரு படம் வரவில்லை. என்னென்ன பேசினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் போனுக்கும் வந்திருக்கும்.

வங்கிக்காரன் கண்ணில் பட்ட விஷயம் வேறு. அந்த அக்டோபர் கடைசியில், நவம்பரில் தேர்தல் நடக்கவிருந்த தொகுதிகளுக்கான கட்சிப் படிவங்களில் கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த வாடிக்கையாளர் நோயினால் ரேகை வைத்துப் பணம் எடுக்க வேண்டும் என்றால், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ரேகை யாருடையது என்பது ஒரு கேள்வி. அதை அவர் அறிந்து வைத்தாரா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்த ரேகை விவகாரம் கோர்ட்டுக்குப் போய், 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பரங்குன்றம் தேர்தல் வெற்றியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

2017 டிசம்பர் 20ஆம் தேதி, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தின நாள், மருத்துவமனையில் அவர் பழரசம் குடிக்கிற வீடியோ ஒன்று வெளியானது. 1984 படமும் தேர்தலுக்குத்தான் வந்தது, இதுவும் தேர்தலுக்குத்தான் வந்தது. பலன் மட்டும் ஒன்றில்லை. முன்னதில் படத்துக்குப் பின்னால் ஆளே வந்து இறங்கினார். பின்னதில் ஆள் போய் ஒரு வருஷம் கழித்துப் படம் வந்தது. பிறகு ஆறுமுகசாமி ஆணையம், 2022இல் அறிக்கை, அதன் மேலும் சர்ச்சை. மூடின கதவுக்குப் பின்னால் இருந்து துண்டு துண்டாக வருகிற சாட்சி சந்தேகத்தைக் குறைப்பதில்லை. லண்டனிலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான்.

கதவு திறந்திருந்தால்? அதற்கும் உதாரணம் உண்டு, அதுவும் ஒரு பாட்டுக்காரர் வீட்டிலிருந்தே. 2020 ஜூனில் எஸ். ஜானகி இறந்துவிட்டதாக வாட்ஸப்பில் கிளப்பினார்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம்தான் கோபமும் வருத்தமுமாக ஒரு வீடியோ போட்டு, அவர் நன்றாக இருக்கிறார், இப்படிச் செய்யாதீர்கள் என்றார். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 5, அவரே கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். அப்புறம் அவர் மகன் சரண் அடிக்கடி வீடியோவில் வந்து நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று முன்னேற்றம் இல்லை என்பதையும் சொன்னார். செப்டம்பர் 25 அந்தச் சேதி வந்தபோது நாம் அழுதோம். இறந்த பிறகு மருத்துவமனை பில்லைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பியது. அதற்கும் சரணே வந்து விளக்கம் சொன்னார். வதந்தி முளைக்கத்தான் செய்யும். வேர் பிடிக்க இருட்டு வேண்டும்.

இவ்வளவும் புகழ் பெற்றவர்கள் சமாசாரம். அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று சொன்னால் பெரிதாக நஷ்டமில்லை. பழைய இசைத்தட்டு மறுபடி விற்கிறது, அனுதாப ஓட்டு விழுகிறது. பேர் இல்லாதவர்களுக்குத்தான் இந்த விளையாட்டு வலிக்கிறது.

உத்தரப் பிரதேசம் ஆஸம்கட் மாவட்டத்தில் லால் பிஹாரி என்ற விவசாயி. எழுபதுகளின் நடுவில் கடன் கேட்கப் போனபோதுதான், ரெவின்யூ பதிவேட்டில் தான் செத்துப்போனது அவருக்கே தெரிந்தது. நிலத்துக்காகச் சொந்தக்காரர்கள் பார்த்த வேலை. பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டார். தன்னைப்போலக் காகிதத்தில் செத்தவர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார். உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில்கூட நின்றார். 1994இல்தான் பதிவேட்டில் உயிர் வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். 2014இல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு விரல் ரேகை வைத்தால் போதும். ஆனால் முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? போன நவம்பரில் ஒரு பாட்டி வந்தார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். மெஷின் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்றே காட்டியது. பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார், “ஏஞ் சாரு, நாந்தேன் நேர்ல வந்து நிக்கிறேன்ல, பெறகு எதுக்கு இந்தப் பொட்டிகிட்ட கேக்குறீக?”

நல்லவேளை, முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கிற வசதி 2021இல் வந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூன்றாவது முறை பாட்டி உயிரோடு இருப்பதாக போன் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டிருக்காவிட்டால் அவருக்கு மாசாமாசம் வருவது நின்றிருக்கும். அவருக்காக எந்தப் பத்திரிகையும் பண்ணை வரை தேடிக்கொண்டு போகாது.

அதனால்தான் நான் இரண்டு பக்கமும் பேசுகிறேன். யாரோ இறந்துவிட்டார், மறைக்கிறார்கள் என்று சேதி வந்தால் உடனே பத்து பேருக்கு அனுப்பாதீர்கள். அசட்டு ஜனம் என்று தலையில் அடித்துக்கொண்டும் போய்விடாதீர்கள். இங்கே எது டேலி ஆகவில்லை, சாவி யார் கையில் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். ஆள் நேரில் வந்து நின்றால், நம்பிவிடுங்கள்.